கருவாட்டுக்கு ஒரு துறை, காய்ச்சல் மாத்திரைக்கு ஒரு துறை: இராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். வீட்டம்மா பிறந்த வீட்டில் கருவாட்டு வியாபாரம். ஆகவே எங்கள் குடும்பத்துக்கு மருந்து ஆய்வாளரும் தெரியும், உணவுப் பாதுகாப்பு அலுவலரும் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் மருந்தோடு சேர்த்து இரண்டு துறைகளைப் பற்றியும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுக்கு எஃப்.டி.ஏ என்கிறார்களே, அது மாதிரி நமக்கும் ஒரே அலுவலகம்தானா?

இல்லை. அங்கே உணவும் மருந்தும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ். இங்கே இரண்டும் தனித்தனி. உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ என்று பார்க்கிறோமே, அதுதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அதற்கு முன் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்தது. மருந்துக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதன் தலைவர் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர். கையில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து 1940-ஆம் ஆண்டுச் சட்டம். அழகுசாதனப் பொருள், ஊசி, இரத்தக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட் போன்ற மருத்துவக் கருவிகளும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் வரும்.

இரண்டுமே மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும், விதி எழுதுவது டெல்லி, கடை வாசலில் வந்து நிற்பது மாநில ஆள். உணவு என்றால் மாவட்ட நியமன அலுவலரும் அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும். மருந்து என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர். மாத்திரையில் சந்தேகம் என்று உணவு அலுவலரிடம் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பாதிப் புகார்கள் இப்படி மேசை மாறிப் போய்த்தான் கிடப்பில் கிடக்கின்றன.

கடலுக்குப் போய் வந்து கரையிலேயே மீனை ஏலம் விடுகிறேன். எனக்கும் பதிவு வேண்டுமா அண்ணே?

வேண்டாம். சட்டத்தின் 18-ஆம் பிரிவிலேயே விவசாயிக்கும் மீனவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. வல்லத்தில் போய்ப் பிடித்த சீலாவைப் பாம்பன் கரையில் கூடையோடு வைத்து ஏலம் விடுகிற வரைக்கும் நீங்கள் மீனவர். ஏலம் எடுத்தவர் கைக்குப் போன நொடியில் அதே சீலா சட்டத்தின் பார்வையில் உணவாகிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் அடுக்குகிற வியாபாரி, பைக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர், சந்தையில் கூறு போட்டு விற்கிற அக்கா எல்லோரும் உணவு வணிகர்கள்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல குடும்பங்களில் பிடிப்பது கணவர், விற்பது மனைவி. பிடித்ததை மட்டும் விற்கிற வரைக்கும் யாரும் கேட்கப் போவதில்லை. மீன்பாடு சரியில்லாத நாளில் வெளியே வாங்கியும் விற்கிறீர்கள் என்றால் பதிவு எடுத்துவிடுவது நல்லது. விதியில் தெருவில் கொண்டுபோய் விற்பவருக்கும் தற்காலிகக் கடைக்கும் தனி இடமே இருக்கிறது. 2011 விதிகள் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம் வைத்தன.

பதிவு, உரிமம் இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. 2011 விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரைக்கும் பதிவு போதும் என்று கோடு போட்டன. அதற்கு மேலே மாநில உரிமம், பெரிய நிறுவனங்களுக்கு மத்திய உரிமம். வரம்பையும் கட்டணத்தையும் அவ்வப்போது திருத்துவார்கள், எனவே விண்ணப்பிக்கிற அன்றைக்கு ஆணையத்தின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. எதை எடுத்தாலும் 14 இலக்க எண் ஒன்று வரும், அதைக் கடையில் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். கைப்பேசியும் ஆதாரும் ஒரு போட்டோவும் இருந்தால் வீட்டுப் பையனே போட்டுவிடுவான்.

கருவாடு காயப்போடும் இடத்துக்கு வந்தால் என்ன பார்ப்பார்கள்?

முதலில் கீழே பார்ப்பார்கள். வெறும் மணலில் விரித்த நெத்திலியை ஒரு கை அள்ளிக் குலுக்கிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தால் போதும், பொடி மணல் மினுங்கும். அது அன்னியப் பொருள், அதற்குத் தனியாக 1 லட்சம் ரூபாய் வரை அபராதப் பிரிவு இருக்கிறது. வலையை உயரக் கட்டியோ, சிமெண்ட் தளத்திலோ, மூங்கில் தட்டியிலோ காயப்போட்டால் இந்தத் தொல்லை இல்லை. நாயும் காக்கையும் மிதிக்காது, அடிப்பக்கமும் காற்று பட்டுச் சீக்கிரம் காயும். எங்கள் மாமியார் வீட்டில் வலைத் தட்டிக்கு மாறிய பிறகு புரட்டிப் போடுகிற வேலையே பாதியாகிவிட்டது.

அடுத்தது பூச்சிமருந்து. மழைக்காலத்தில் ஈ மொய்க்கிறது, புழு வைக்கிறது என்று சிலர் கருவாட்டின் மேலேயே தெளித்துவிடுகிறார்கள். எந்த உணவின் மேலும் பூச்சிமருந்தை நேரடியாகப் போடக்கூடாது என்பது விதி. இதில் மாட்டினால் தரம் குறைவு என்று அபராதத்தோடு முடியாது, பாதுகாப்பற்ற உணவு என்ற பிரிவில் வழக்குப் போய் நிற்கும், சிறைத் தண்டனை உண்டு. நல்ல உப்பு, நன்றாக உலர்த்துவது, கொசுவலை மூன்றும் இருந்தால் அந்த மருந்துக்கு வேலையே இல்லை.

மூன்றாவது, சிவப்பு பூத்த கருவாடு. உப்புக் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படர்வது கடலுப்பிலேயே இருக்கிற, உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் வருவது. ஒரு தடவை மீன் ஊறிய உப்பைத் திரும்பத் திரும்பப் போட்டால் கட்டாயம் வரும். துடைத்துவிட்டு விற்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் செவுள் ஓரத்தையும் வயிற்றின் உள்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள், அங்கே யாரும் துடைப்பதில்லை.

நாலாவது சின்ன விஷயம், ஆனால் ஊர் முழுக்க நடப்பது: செய்தித்தாளில் பொட்டலம். 2018-ஆம் ஆண்டுப் பொதிவு விதிகள் அதைத் தடை செய்துவிட்டன. அச்சு மை உணவில் இறங்கும், எண்ணெய்ப் பசையுள்ள கருவாட்டில் இன்னும் வேகமாக.

அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்கிறார்கள். அப்படியானால் கருவாட்டுக்குப் போடுகிற உப்பு?

வாலிநோக்கத்தில் அரசின் உப்பு நிறுவனமே இருக்கிற மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மனிதர் நேரடியாகச் சாப்பிடுவதற்கு விற்கிற உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும்; கடைக்கு வரும்போது 15 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) குறையாமல். ஆனால் அதே விதியிலேயே பதப்படுத்துவதற்கும், கால்நடைக்கும், தொழிற்சாலைக்கும் விற்கிற சாதாரண உப்புக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள், இன்னதற்கு என்று மூட்டையில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கருவாட்டுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து அள்ளிப் பக்கத்து வீட்டுச் சமையலுக்கு விற்றால்தான் தப்பு.

மீனில் ஃபார்மலின் போடுகிறார்களா?

2018-இல் கேரளத்தில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற சோதனையில் டன் கணக்கில் ஃபார்மலின் மீனைப் பறிமுதல் செய்தார்கள். அதே ஆண்டு சென்னையிலும் பயம் பரவியது. ஃபார்மலின் பிணத்தைக் கெடாமல் வைக்கிற திரவம், மீனில் போட எந்த அனுமதியும் இல்லை.

நம் கரையில் நாட்டுப்படகு விடிகாலை கொண்டுவந்து ஏழு மணிக்கு விற்றுத் தீர்க்கிற மீனில் அதைப் போட யாருக்கும் அவசியம் இல்லை. சந்தேகப்பட வேண்டிய காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக்கு 61 நாள் தடை இருக்கிற காலம். அப்போது லாரியில் வருகிற வெளியூர் மீன் பல நாள் பயணம் செய்து வரும். ஐஸ் சீக்கிரம் கரையாமல் இருக்க அமோனியா போடுகிற வழக்கமும் உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டையும் கண்டுபிடிக்கத் தனித்தனியாகச் சின்னக் காகிதப் பட்டைகளை உருவாக்கியிருக்கிறது. மீன் மேல் தேய்த்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும்.

ஒரு எச்சரிக்கை. மீன் செத்த பிறகு அதன் உடம்பிலேயே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு (ஃபார்மலினில் இருப்பதும் இதுதான்) உண்டாகும், தும்பிலி போன்ற மீன்களில் கூடுதலாகவே. பட்டையில் நிறம் லேசாக மாறியது என்று வீடியோ எடுத்து வியாபாரியின் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள். பட்டை சந்தேகத்தைத்தான் காட்டும், ஆய்வகம்தான் முடிவு சொல்லும்.

சூரை மீன் சாப்பிட்டு முகமெல்லாம் சிவந்து, படபடவென்று வந்தது. மீன் ஒவ்வாமையா?

பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களை வெயிலில் போட்டுவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது, வாசனையிலும் தெரியாது. ஆணையம் இதற்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள், அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேட்டுக்கொண்டு போங்கள், அந்த ஒரு தகவல் மருத்துவருக்கும் அலுவலருக்கும் ரொம்ப உதவும்.

நானே வாங்கிய பொருளை நானே சோதனைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சட்டத்தின் 40-ஆவது பிரிவு வாங்குகிறவருக்கு இந்த உரிமையைத் தருகிறது. நிபந்தனை ஒன்று: வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும், 14 நாளில் அறிக்கை வரும், பொருள் தப்பு என்று தெரிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாநிலத்தின் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் சென்னை, சேலம், கோயம்புத்தூர், தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டையில் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. இத்தனை மைல் கரையும் இத்தனை இறங்குதளமும் உள்ள மாவட்டத்துக்கு ஒரு கூடம் கேட்பது அதிகமில்லை என்பது என் கருத்து.

அலுவலர் எடுக்கிற மாதிரி வேறு. அவர் எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், நாலாவது வியாபாரி கேட்டால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறொரு கூடத்துக்கு. வியாபாரிகளில் பலருக்கு இந்த நாலாவது பங்கு தெரியாது. அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். அறிக்கை பாதகமாக வந்தாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால் மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும்.

கீழக்கரையில் வீட்டில் தொதல் இனிப்பு கிண்டி வாட்ஸ்அப்பில் விற்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு லாத்தா. வீட்டு அடுப்பில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் பதிவு வேண்டும். வெளியூருக்கு டப்பாவில் அனுப்புகிறீர்கள் என்றால் மேலே பொருளின் பெயர், அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, முந்திரி என்று சேர்த்தவை அளவின் இறங்குவரிசையில், எடை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், உங்கள் பெயர் முகவரி, பதிவு எண், பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் எல்லாம் இருக்க வேண்டும். முந்திரி ஒவ்வாமைப் பட்டியலில் வருவதால் தனியாக எழுதுங்கள்.

கருப்பட்டி வாங்கும்போது கவனம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி என்று சொல்லிச் சர்க்கரைப் பாகு கலந்ததை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் டப்பாவில் கருப்பட்டி என்று எழுதினால், தவறான முகப்புச்சீட்டுக்கு (லேபிளுக்கு) பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பில் வாங்கி வைத்துக்கொண்டால் வழக்கு உங்களுக்கு விற்றவரிடம் போகும்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கும் கோயில் அன்னதானத்துக்குமா பதிவு?

ஆமாம். சமய, சமூகக் கூட்டங்களில் உணவு வழங்குகிறவரும் சிறு உணவு வணிகர் என்ற வரையறைக்குள் வருகிறார். காசு வாங்காவிட்டாலும் வயிறு ஒன்றுதானே.

கடல்பாசி ஐஸ்கிரீமில் போடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. அடுத்த தடவை ஐஸ்கிரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். நிலைப்படுத்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 407 என்று இருந்தால் அது கராஜீனன், மண்டபத்திலும் பாம்பனிலும் நம் பெண்கள் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸ் வகைப் பாசியிலிருந்து எடுப்பது. 406 என்றால் அகர். 400 முதல் 405 வரை கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து வரும் ஆல்ஜினேட்டுகள். எந்தச் சேர்மானத்தை எந்த உணவில் எவ்வளவு போடலாம் என்று பட்டியல் வைத்திருப்பதும் ஆணையத்தின் வேலைதான்.

பாசியைக் குப்பியில் அடைத்து மாத்திரையாக விற்பது இன்னொரு கதை. உணவுத் துணைப்பொருளாக விற்கலாம், உணவு ஆணையத்தின் உரிமத்தோடு. ஆனால் 'மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். மூட்டுவலி குணமாகும், சர்க்கரை நோய் தீரும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது மருந்துச் சட்டத்தின் எல்லைக்குள் கால் வைத்துவிட்டது. என் கடைக்கு இப்படிக் குப்பியோடு வருகிற விற்பனைப் பிரதிநிதிகளிடம் நான் முதலில் கேட்பது, வாயால் சொல்வதை முகப்புச்சீட்டில் காட்டுங்கள் என்பதுதான். பாதிப்பேர் அதோடு கிளம்பிவிடுவார்கள்.

புது மருந்து கடைக்கு வரும் முன் யார் பார்க்கிறார்கள்?

புது மருந்துக்கும், மனிதர்களிடம் சோதனை நடத்துவதற்கும் அனுமதி தருவது டெல்லி. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள்படி. இறக்குமதியும் அவர்கள் கையில். ஆனால் மருந்தைத் தயாரிக்கிற ஆலைக்கும் விற்கிற கடைக்கும் பெரும்பாலும் மாநிலமே உரிமம் தருகிறது. என் சுவரில் தொங்குகிற 20, 21 படிவ உரிமங்கள் மாநிலம் கொடுத்தவை.

அப்படியிருந்தும் 2025-இல் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் செத்தார்களே?

கோபப்பட வேண்டிய கேள்வி. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையிலிருந்து எடுத்துச் சோதித்த தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்.

சிரப்பில் கரைப்பானாகப் போடுகிற புரோப்பிலீன் கிளைக்காலை மருந்துத் தரத்தில் வாங்காமல் தொழிற்சாலைத் தரத்தில் மலிவாக வாங்கினால் இந்த விஷம் கூடவே வரும். இரண்டும் இனிப்பு, நிறமில்லாதது, கண்ணால் பிரிக்க முடியாது. மூலப்பொருள் பீப்பாய் ஒவ்வொன்றையும் ஆலை சோதிக்க வேண்டும் என்பது விதி. 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியதும் இதே பொருள்தான், அதற்குப் பிறகுதான் பாதுகாப்பை நிரூபித்துவிட்டு விற்க வேண்டும் என்று அங்கே 1938-இல் சட்டம் வந்தது. 1972-இல் சென்னையிலும் இதனால் குழந்தைகள் இறந்தார்கள். சோதனைக்கூடம் ஓரிரு நாளில் கண்டுபிடித்தது சரி. ஆலைக்குள் போய் முன்பே பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்பதும் சரிதான். கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது என்பதும் அது கண் திறந்திருக்கிறது என்பதும் வேறு வேறு.

பெற்றோருக்கு: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து வேண்டாம் என்பது மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககத்தின் அறிவுரை, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. மிச்சம் வைத்த பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

நாலு மாத்திரை மட்டும் வெட்டித் தருகிறீர்கள். அதில் தேதியே இல்லையே?

அட்டையின் ஒரு முனையில்தான் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அந்த முனையைக் கடைசிவரை வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். வெட்டித் தந்தால் பில்லில் தொகுதி எண் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மாத்திரையால் தடிப்பு வந்தது என்று அட்டைத் துண்டோடு வந்து நிற்கிற அக்காமார்களுக்கு எந்தத் தொகுதி என்று தெரியாவிட்டால் எந்த ஆய்வாளராலும் நூல் பிடித்துப் போக முடியாது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூ.ஆர் குறியீடு கட்டாயம், கைப்பேசியில் தட்டிப் பார்க்கலாம்.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன? கடலுக்குப் போகிறவன் மருத்துவரிடம் எங்கே வரிசையில் நிற்பது?

உங்கள் அவசரம் புரிகிறது தம்பி. ஆனால் சிவப்புக் கோடு போட்ட அட்டை சீட்டு இல்லாமல் தரக்கூடாதது. செஃபிக்ஸைம் மாதிரி எச்-1 பட்டியல் மருந்து என்றால் மருத்துவர் பெயர், உங்கள் பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். இரண்டு நாள் தின்றுவிட்டு நிறுத்துகிற பழக்கத்தால் நாளை உங்களுக்கே அந்த மருந்து கேட்காமல் போகும்.

சித்த மருந்துக்கு யார் பொறுப்பு?

அதே 1940 சட்டத்தில் தனி அத்தியாயம், மத்தியில் ஆயுஷ் அமைச்சகம், மாநிலத்தில் இந்திய மருத்துவத்துக்கான உரிம அலுவலர். உரிம எண் இல்லாத சூரணத்தை வாங்காதீர்கள். பேருந்து நிலையத்தில் ஒட்டுகிற 'நிரந்தரக் குணம்' விளம்பரங்களில் பல, 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படியே குற்றம்.

இறால் பண்ணை, ஏற்றுமதி இதெல்லாம் இவர்கள்தானா?

பண்ணைக்கு அனுமதி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம். ஏற்றுமதித் தரச் சான்று ஏற்றுமதி ஆய்வுக் குழு. உள்ளூரில் விற்கும்போதுதான் உணவு ஆணையம். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு எல்லோரிடமும் தடைதான்.

மருந்து விலை கூடுதலாக இருந்தால்?

அது மூன்றாவது மேசை: தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். தரத்தைப் பார்ப்பவர்கள் விலையைப் பார்ப்பதில்லை.

சரி, புகாரை எங்கே கொடுப்பது?

உணவு என்றால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மருந்தின் பக்கவிளைவு என்றால் 1800 180 3024, கட்டணம் இல்லை. மருந்தின் தரத்தில் சந்தேகம் என்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பில், தொகுதி எண், மிச்சமிருக்கும் பொருள் மூன்றும் கையில் இருக்கட்டும். மீனாக இருந்தால் மிச்சத்தைப் பையில் கட்டி, தேதி எழுதி ஐஸ்பெட்டியில் வையுங்கள். குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு முள்ளைக் கொண்டு வந்தால் யாராலும் சோதிக்க முடியாது.